சாலையின் நடுவே ஒரு க்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நானும் என் மகனும் நலம். நீங்களும் சம்பந்தியம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்றும், உங்கள் முழங்கால் வலி மாடிப்படி ஏறும் அளவுக்காவது குறைந்திருக்கும் என்றும் நம்புகிறேன். 'இங்கு அனைவரும் நலம்' என்று ஒரே வரியில் எழுதி முடித்திருக்கலாம். ஆனால் பாடநூல் அச்சகத்தில் முப்பத்தாறு வருஷம் பிழை திருத்தியவன் நான். தெரிந்தே ஒரு பிழையான வாக்கியத்தை எழுத எனக்கு மனசு வருவதில்லை. உங்கள் மகள் நலமாக இல்லை. காய்ச்சல், தலைவலி ஒன்றும் கிடையாது, பயப்படாதீர்கள். அவளுடைய நலக்குறைவுக்குக் காரணம் நான். இதை அவள் உங்களிடம் போனில் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது மரியாதை என்று இதை எழுதுகிறேன். மரியாதை பாதி, பயம் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று நாளாக அவள் என்னோடு பேசுவதில்லை. அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது. 'மாமா, மாத்திரை', 'மாமா, கதவு' என்கிற அளவில் பேச்சு நடக்கிறது. வினைச்சொல் மட்டும் வருவதில்லை.

எங்கள் தெருமுனையில் பள்ளிக்கூடத்தை ஒட்டி ஒரு நாற்சந்தி இருப்பது உங்களுக்குத் தெரியும். போன தடவை நீங்கள் வந்தபோது அதைக் கடக்கப் பயந்து, எதிரே இருக்கும் மருந்துக்கடைக்கு ஆட்டோ வைத்துக்கொண்டு போனீர்கள். அங்கே சிக்னல் கிடையாது. பாதசாரிகளுக்குப் போட்ட வெள்ளைக் கோடும் தேய்ந்து போய், யாரோ சுண்ணாம்பு சிந்தியது போல இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு முன்னால், அந்த முனையில் கடை வைத்திருக்கும் தையல்காரம்மாவை ஒரு வேன் தட்டிவிட்டது. இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. உங்கள் மகள் வேலை பார்க்கும் பிசியோதெரபி நிலையத்துக்குத்தான் கால் பழக அழைத்து வந்தார்கள். மெஷின் மிதிக்கிற கால் என்பதால் அந்த அம்மாள் கேட்ட முதல் கேள்வி, "நடக்கிறது இருக்கட்டும், மிதிக்க வருமா?" என்பதுதானாம். அன்று சாயங்காலமே உங்கள் மகள் நகராட்சிக்கு முதல் மனுவை எழுதினாள். மூன்றாவது மனுவுக்குப் பிறகுதான் ஓர் அதிகாரி அவளை உட்கார வைத்துப் பேசினார். "ஒருத்தர் ரெண்டு பேர் சொல்றத வெச்சு சிக்னல் போட முடியாதும்மா. ஒரு ஐந்நூறு பேராவது இதப் பத்திப் பேசறாங்கன்னு காட்டுங்க, மேல எடுத்துட்டுப் போறேன்" என்றாராம். வருகிற செவ்வாய்க்கிழமை, அதாவது இன்றைக்கு, கூட்டத்துக்கு வரச் சொன்னார்.

அதற்கு அவள் போட்ட திட்டம் நல்ல திட்டம், சம்பந்தி. சனிக்கிழமை நாலு மணிக்கு ஊர் ஜனங்கள் எல்லாரும் அந்த முனைக்கு வர வேண்டியது. கூச்சல் கிடையாது, மறியல் கிடையாது. சாலையை நடந்து கடக்க வேண்டியது, அந்தப் பக்கம் போய்த் திரும்பி இந்தப் பக்கம் வர வேண்டியது. ஒரு மணி நேரம் இப்படி நடந்துவிட்டு, படம் எடுத்துச் சமூக ஊடகத்தில் போட வேண்டியது. எல்லாரும் ஒரே ஹேஷ்டேக் போட வேண்டும் என்பதுதான் முக்கியம். இரண்டு நெடுக்குக் கோடு, இரண்டு குறுக்குக் கோடு, அதை ஒட்டி இடைவெளி இல்லாமல் சொற்கள். "ஒரே ஹேஷ்டேக் இருந்தாதான் மாமா எல்லாம் ஒரே இடத்துல வந்து சேரும். யார் யார் போட்டாங்க, எத்தனை பேர், எல்லாத்தையும் எண்ணிக் காட்டலாம்" என்று எனக்குப் பொறுமையாக விளக்கினாள். சொற்களுக்கு நடுவே இடைவெளி விடக் கூடாது என்றபோதே என் கை சிவப்புப் பேனாவைத் தேடியது. இருந்தாலும் சரி என்று தலையாட்டினேன்.

மறுநாள் காலையில் எங்கள் லிஃப்டில் சுவரொட்டியைப் பார்த்தேன். #சாலையைகடப்போம் என்று இருந்தது. நான் ஏழாவது மாடியில் இறங்க வேண்டியவன், கீழே போய் மறுபடி மேலே வந்து மறுபடி கீழே போனேன். சாலையைக் கடப்போம் என்று வர வேண்டும். 'ஐ' உருபுக்குப் பின்னால் வல்லினம் மிகும். அஞ்சாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த விஷயம். பிள்ளைக்குத் தெரிவதற்காக அந்தப் பாடத்தைப் பதினோரு பதிப்பில் திருத்தியவன் நான்.

அவளிடம் பதமாகத்தான் சொன்னேன்.

"ஒரு க் விட்டுப் போச்சும்மா."

"இருநூறு அடிச்சு ஒட்டியாச்சு மாமா. ஹேஷ்டேக்ல அதெல்லாம் யாரும் பாக்க மாட்டாங்க."

யாரும் பார்க்க மாட்டார்கள் என்கிற அந்த ஒரு வாக்கியத்தோடுதான் நான் முப்பத்தாறு வருஷம் சண்டை போட்டேன். அச்சுக்கோப்பவர் சொன்னார், மேலாளர் சொன்னார், கடைசியில் என் வீட்டிலேயே கேட்க வேண்டியதாயிற்று. சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். லிஃப்டில் போட்டேன், மருந்துக்கடையில் போட்டேன், முடிவெட்டும் கடையில் கண்ணாடி மேல் ஒட்டியிருந்ததில், ஒருவர் முகத்தில் நுரையோடு உட்கார்ந்திருக்க, அவர் தலைக்கு மேல் எக்கிப் போட்டேன். உடற்பயிற்சிக் கூடத்தில் இருந்த பையன்கள் எனக்காக ஏணி பிடித்தார்கள். மூன்று நாளில் நூற்றிருபது க். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. என் மகனை நச்சரித்து போனில் எனக்கும் ஒரு கணக்குத் தொடங்கி, சனிக்கிழமைக்கு முன்பே பதிவு போட்டவர்களுக்கெல்லாம் 'வணக்கம், தங்கள் ஹேஷ்டேக்கில் ஒரு க் குறைகிறது' என்று பணிவாக எழுத ஆரம்பித்தேன். ஜனங்கள் கேட்டுக்கொண்டார்கள், சம்பந்தி. நன்றி ஐயா என்று சொல்லித் திருத்தினார்கள். ஓய்வு பெற்று ஐந்து வருஷத்தில் என் பேச்சை யாரும் அவ்வளவு கேட்டதில்லை. அந்த நாட்களில் எனக்கு ரத்த அழுத்தம் சரியாக இருந்தது.

சனிக்கிழமை நல்ல கூட்டம். ஆசிரியைகள், மருந்துக்கடைக்காரர், குழந்தையைத் தோளில் வைத்த அப்பாக்கள், நாய் கூட்டி வந்த ஒரு பெரியவர். தையல்காரம்மா குச்சி ஊன்றி வந்து, யார் கையையும் பிடிக்காமல் கூடவே கடந்தார். வண்டிகள் நாலு பக்கமும் நின்றன. நானும் கடந்தேன். இத்தனை வருஷத்தில் அந்தச் சாலையின் நடுவில் நின்று இரண்டு பக்கமும் நிதானமாகப் பார்த்தது அன்றுதான். எப்போதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடித்தான் கடந்திருக்கிறேன். இவ்வளவு அகலம் என்று தெரியாது. அதை நினைத்துக்கொண்டு சும்மா நடந்திருக்கலாம். அங்கேயும் நாலைந்து பிள்ளைகளின் அட்டையில் க் போட்டுக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியை வைத்து எண்ணினாள். அவள் ஹேஷ்டேக்கில் முந்நூற்று நாற்பத்தொன்று. சரியான ஹேஷ்டேக்கில், அதாவது என்னுடையதில், இருநூற்று அறுபத்துமூன்று.

"ரெண்டையும் கூட்டினா அறுநூறு தாண்டுதேம்மா" என்றேன். உதவி செய்கிறோம் என்கிற நினைப்பில் சொன்னது.

"கூட்ட முடியாது மாமா. ரெண்டுலயும் போட்டவங்க இருக்காங்க. அதவிட, உங்களோடதுல பாதிப் பேர் சாலையப் பத்தியே பேசல. அந்த க்-கப் பத்திதான் பேசியிருக்காங்க. இத எப்படி நான் ஆபீஸ்ல கொண்டு போய்க் காட்டறது?"

"அப்படி இருக்காதும்மா."

"நீங்களே படிச்சுப் பாருங்க" என்று கணினியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு எழுந்து போனாள். அவள் என்னிடம் வினைச்சொல்லோடு பேசியது அதுதான் கடைசி.

படித்தேன். திருத்துகிறவன் படிப்பது போல ஒவ்வொரு வரியாக, இருநூற்று அறுபத்துமூன்றையும் படித்தேன். க் வேண்டும் என்று ஒருவர், ஹேஷ்டேக் ஒரே சொல் ஆகையால் வேண்டாம் என்று ஒருவர், இரண்டு பேரும் தப்பு என்று ஒருவர். இப்போதெல்லாம் பாடநூலிலேயே பிழை என்று ஒருவர். அதைப் படித்தபோது எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். நூற்றெண்பதுக்கு மேல் இப்படியே. வேன் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, முறிந்த கால் இல்லை. கிட்டத்தட்டக் கடைசியில் எங்கேயோ வெளியூரில் இருக்கும் ஒருவர் எழுதியிருந்தார்: 'நல்ல தமிழ். எந்தச் சாலை?'

அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லியிருக்கவில்லை. அவருக்கு ஒரு விருப்பக்குறி மட்டும் போட்டிருந்தேன்.

சட்டையை மாட்டிக்கொண்டு தையல்காரம்மாவின் கடைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமையும் திறந்து வைத்திருந்தார். வலது காலால் மிதிக்கப் பழகிக்கொண்டிருந்தார். தையல் வளைந்து வளைந்து போனது. நடந்ததைச் சொன்னேன். மன்னிக்கச் சொல்லித்தான் போனேன், ஆனால் பாதிக்கு மேல் என் பக்க நியாயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். அவர் நூலைக் கடித்து அறுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"பிசிறு இருந்தா நானும் விட மாட்டேன் சார். பிரிச்சுத் திரும்பத் தைப்பேன். ஆனா கல்யாணப் பொண்ணு அதப் போட்டுட்டு மேடைக்கு நடந்து போறப்ப, ஊசிய எடுத்துட்டுப் பின்னாடி ஓட மாட்டேன்."

"தப்புதாம்மா."

"தப்புன்னு உங்க மருமகள்கிட்ட சொன்னீங்களா?"

சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தும் சொல்ல முடியவில்லை. அவள் எதிரே வந்தால் எனக்கும் வினைச்சொல் வர மாட்டேன் என்கிறது. அதனால் எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். யார் யாருக்கெல்லாம் க் போடச் சொல்லி எழுதினேனோ, அவர்கள் ஒவ்வொருவருக்கும் திரும்ப எழுதினேன். தையல்காரம்மாவின் காலைப் பற்றி நாலு வரி, பிறகு, 'தயவுசெய்து க் இல்லாமல் இன்னொரு முறை பதிவிடுங்கள்'. கீழே அந்த ஹேஷ்டேக்கை என் விரலாலேயே அடித்தேன். தெரிந்தே பிழை எழுத மனசு வராது என்று மேலே பெருமையாகச் சொன்னேனே, அது போன ஞாயிறு மத்தியானம் வரைக்கும்தான் உண்மை. முதல் தடவை அடிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டேன். ஐம்பதாவது தடவைக்குக் கை பழகிவிட்டது. சிலர் போட்டார்கள். சிலர் 'நீங்கள்தானே க் வேண்டும் என்றீர்கள்' என்று திட்டினார்கள். ஒருவர், என் கணக்கை யாரோ திருடிவிட்டார்கள் என்று எல்லாருக்கும் எச்சரிக்கை விட்டார்.

இன்று காலை ஒன்பது மணிக்கு எண்ணிக்கை நானூற்று எண்பத்தெட்டு. பன்னிரண்டு குறைவு. உங்கள் மகள் அதை அச்செடுத்து உறையில் போட்டுக்கொண்டு நகராட்சிக்குப் போயிருக்கிறாள். என் க் இல்லாவிட்டால் அந்தப் பன்னிரண்டு முதல் நாளே வந்திருக்கும். அவள் திரும்பி வரும்வரை சும்மா உட்கார முடியாமல்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உங்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான். அவள் உங்களிடம் என்னைப் பற்றிச் சொன்னால் மறுத்துப் பேச வேண்டாம், அவள் சொல்வது சரி. ஆனால் சொல்லி முடித்த பிறகு, மாமனார் அதைத் திமிரில் செய்யவில்லை, வேறு எதற்கும் தன்னைக் கூப்பிடாத ஊரில் தனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தார் என்று உங்கள் வாயால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் சொன்னால் அது சாக்காகத்தான் கேட்கும்.

உங்கள் இருவருக்கும் நோயில்லாத உடம்பும் கவலையில்லாத மனசும் வாய்க்கட்டும். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் மருமகள் வந்துவிட்டாள். சிக்னல் உண்டாம். அடுத்த மாதக் கடைசிக்குள் போட்டுவிடுவார்கள், அதுவரை பள்ளி நேரத்தில் ஒரு காவலர் நிற்பார். அந்த அதிகாரி உறையைப் பிரிக்கவே இல்லையாம். எண்ணிக்கை என்ன என்றும் கேட்கவில்லை, க்-கும் அவருக்குத் தெரியாது. சனிக்கிழமை சொந்த வேலையாக அந்தப் பக்கம் வந்தவர், நாற்பது நிமிஷம் காரில் சிக்கி எங்கள் முனையிலேயே நின்றிருக்கிறார். "வேற வழியில்லாம பாத்துட்டே இருந்தேம்மா. குச்சி வெச்ச அந்த அம்மா பதினோரு தடவ கடந்தாங்க" என்றாராம். ஆகவே இந்தக் கடிதத்தில் நான் உங்களைக் கேட்டுக்கொண்ட எதையும் நீங்கள் செய்ய வேண்டாம். இதையெல்லாம் சொல்லிவிட்டு அவள் என் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். தப்பு என்னுடையதுதான் என்று சொல்லிவிட்டேன். தெரியும் என்று தலையாட்டினாள். பிறகு, "பதினொண்ணுன்னு நீங்க எண்ணினீங்களா மாமா?" என்று கேட்டாள். "இல்லம்மா" என்றேன். "நானும் எண்ணல" என்றாள்.