போட்டதை அழிக்கிற வழக்கமில்லை

வேணு மோட்டார் ரீவைண்டிங்,
செங்கம் ரோடு,
திருவண்ணாமலை.

கீழ்பென்னாத்தூர் திரு. சக்கரபாணி அவர்களுக்கு, உங்கள் வீட்டுக்குப் பெண் கொடுப்பதாக இருக்கிற வேணு வணக்கத்துடன் எழுதுவது. சம்பந்தி என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். இன்றைய நிலைமை தெரியாததால் பெயரை எழுதியிருக்கிறேன். நிலைமை சரியானதும் நீங்களே அதை அடித்துவிட்டு மேலே சம்பந்தி என்று எழுதிக்கொள்ளலாம். இங்கே என் முட்டியைத் தவிர எல்லோரும் நலம். அங்கே நீங்களும், வீட்டம்மாவும், சித்திரையில் நான் செம்புக் கம்பிக் காயில் சுற்றிக் கொடுத்த ஐந்து எச்.பி. மோட்டாரும் நலம் என்று நம்புகிறேன். மோட்டார் சூடானால் தண்ணீர் ஊற்ற வேண்டாம், சொல்லி அனுப்பவும்.

இதைப் போனில் சொல்லாமல் தாளில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. எனக்குப் போன்மேல் நம்பிக்கை போய்விட்டது. நான் ஒன்று சொன்னால் அது வேறொன்று சொல்லிவிடுகிறது. அதைப் பிறகு விவரிக்கிறேன். முதலில் விஷயம். ஞாயிற்றுக்கிழமை உங்கள் மைத்துனர் அர்ஜுனன், அதாவது மாப்பிள்ளைக்குத் தாய்மாமன், என் மனைவி கஸ்தூரிக்குப் போன் செய்து, "பொண்ணு ரொம்பப் பேசுதும்மா. நிச்சயத்தைக் கொஞ்சம் தள்ளிப் பாக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டார். பெண் பார்க்க வந்த அன்று எங்கள் அபிநயா காபி கொடுத்தபோது "எடுத்துக்குங்க" என்ற ஒரு வார்த்தைதான் பேசினாள். அதில் ரொம்ப எங்கே வந்தது என்று கஸ்தூரி யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் சில படங்களை அனுப்பினார். செய்திச் சேனல்களின் வீடியோவுக்குக் கீழே அபிநயா எழுதிய கருத்துகளாம். வாங்கிப் பார்த்தேன். அத்தனையும் நான் எழுதியவை.

இது எப்படி நடந்தது என்றால், அபிநயா வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்ததும் புதுப் போன் வாங்கிக்கொண்டு பழையதை எனக்குக் கொடுத்தாள். கடையில் காயிலுக்கு வார்னிஷ் அடித்துவிட்டுக் காயும்வரை நான் செய்தி பார்ப்பேன். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியாது. நான் எட்டாவதோடு நின்றவன். மோட்டார் வேலையை எனக்கு எவரும் கற்றுத்தரவில்லை, எரிந்துபோன மோட்டாரைப் பிரித்துப் பிரித்து நானாகத் தெரிந்துகொண்டேன். விஞ்ஞானம், வியாபாரம், நாட்டு நடப்பு எல்லாமே எனக்கு அப்படி வந்ததுதான். ஆகவே வீடியோவுக்குக் கீழே என் கருத்தை எழுதிவந்தேன். என் கருத்துக்குப் பக்கத்தில் ஏதோ இங்கிலீஷ் எழுத்தும் நம்பரும் இருக்கும். அது போனின் மாடல் நம்பர் என்று இருந்தேன். அது அபிநயாவின் பெயராம். கூடவே நெல்மணி அளவுக்கு ஒரு படம். அது அவள் பட்டம் வாங்கிய படமாம். உங்கள் மைத்துனர் அதைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். நான் எழுத்தைப் பார்க்கிறவன், படம் பார்க்கிறவன் அல்ல.

எனக்கு நெடுநாளாக விளங்காத சில சங்கதிகள் அப்போதுதான் கொஞ்சம் விளங்கின. உதாரணத்துக்கு, ராக்கெட்டைக் கடற்கரையிலிருந்து விடுவதைவிட மலை உச்சியிலிருந்து விட்டால் அவ்வளவு உயரத்துக்கு எரிபொருள் மிச்சம், எங்கள் மாவட்டத்தில் மலைக்குப் பஞ்சமில்லை என்று எழுதியிருந்தேன். அதற்கு ஒருவன், "எந்த மலைடி? எங்க அண்ணாமலையார் மலையா?" என்று கேட்டான். எழுபதை நெருங்குகிற என்னை டி போட்டுப் பேசுகிறானே, காலம் இப்படியா ஆகிவிட்டது என்று இரண்டு நாள் கடையில் வேலை ஓடவில்லை. நான் சொன்னது ஜவ்வாது மலையை. அதை அப்போதே எழுதியிருக்கலாம். கேட்ட விதம் சரியில்லாததால் எழுதவில்லை.

அடுத்து தக்காளி. பத்து நிமிஷத்தில் தக்காளி கொண்டுவந்து கொடுக்கிற ஒரு கம்பெனி வருஷா வருஷம் நஷ்டப்படுகிறதாம், அதனால் அதன் மதிப்பு ஏறிக்கொண்டே போகிறதாம். என் கடையும் நஷ்டத்தில் ஓடியிருக்கிறது. மதிப்பு ஏறியதா என்று கஸ்தூரியைக் கேட்டுப் பாருங்கள். பத்து நிமிஷத்தில் தக்காளி தேவைப்படுகிற வீட்டில் குழம்பு வைக்கிறவருக்கு முன்யோசனை கிடையாது என்று எழுதினேன். உங்கள் மைத்துனர் இதைப் படித்துவிட்டு, "நாளைக்கு எங்க அக்கா வைக்கிற கொழம்பையும் இந்தப் பொண்ணு இப்படித்தான் சொல்லும்" என்கிறார். உங்கள் வீட்டுக் குழம்பை நான் சாப்பிட்டிருக்கிறேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. உப்பு கொஞ்சம் ஜாஸ்தி, அது வேறு விஷயம்.

அவருக்கு உண்மையான கோபம் ட்ரோன் விஷயத்தில்தான் என்பது எனக்குத் தெரியும். அவர் வயலுக்கு மருந்து அடிக்க ட்ரோன் வாங்கி வாடகைக்கு விடுவது நான் அதை எழுதியபோது எனக்குத் தெரியாது. காற்றடித்தால் மருந்து பக்கத்து வயலுக்குப் போகும், ட்ரோன் எல்லாம் கல்யாண வீடியோ எடுக்கத்தான் லாயக்கு என்று எழுதினேன். இதற்காக மன்னிப்புக் கேள் என்று வீட்டில் இரண்டு பேரும் சொல்கிறார்கள். அவர் மனம் புண்பட்டதற்காக மன்னிப்புக் கேட்கிறேன். காற்று அடிப்பதற்கு நான் மன்னிப்புக் கேட்க முடியாது.

இனி போன் விஷயம். பேட்டரி ஸ்கூட்டரைப் பற்றி ஒரு வீடியோ வந்தது. சார்ஜ் தீர்ந்தால் ரோட்டோரம் தள்ளிக்கொண்டு நிற்கிறார்கள், பாவம். பின் சக்கரத்தில் ஒரு டைனமோவைக் கட்டினால் ஓட ஓடத் தானாகவே சார்ஜ் ஏறும், ஜென்மத்துக்கும் கரண்ட் செலவில்லை என்று எழுதினேன். உடனே 'வோல்ட் தம்பி' என்ற பெயரில் ஒருவன் வந்து, "அப்படி நடக்காதுங்க மேடம். டைனமோ சுத்தறதுக்கும் பேட்டரிலேர்ந்துதானே சக்தி போகுது, திரும்பி வர்றது கம்மியாத்தான் வரும்" என்றான். மேடம் என்றதைக் கிண்டல் என்று நினைத்துக் காட்டமாகவே பதில் சொன்னேன். சைக்கிளில் டைனமோ வைத்து விளக்கு எரிந்ததா இல்லையா என்று கேட்டேன். "எரிஞ்சுது மேடம், மிதிக்கிற கால்தான் அதுக்குக் கூலி குடுத்துது" என்றான். சக்கரபாணி அவர்களே, நான் எத்தனை மோட்டார் பார்த்தவன். அவன் ஒரு பல்பைச் சரியாக மாட்டத் தெரியாதவன் என்பது அவன் எழுத்திலேயே தெரிந்தது. தண்டச்சோறு என்றும் எழுதினேன். இப்படி மாதக்கணக்கில் போயிற்று. மாப்பிள்ளை விமல்ராஜ் ஓசூர்ப் பக்கம் ஸ்கூட்டர் கம்பெனியில் இஞ்சினியராக இருப்பதால், நிச்சயம் ஆனதும் அவரையே நடுவராக வைத்து இந்த வோல்ட் தம்பியின் முகத்தில் கரியைப் பூச வேண்டும் என்று எண்ணியிருந்தேன்.

அந்தச் சண்டைக்கு நடுவில்தான் அது ஆரம்பித்தது. ஒருநாள் காலையில் பார்க்கிறேன், என் கருத்துக்குக் கீழே, என் மாடல் நம்பரிலேயே, "நேத்து கோபமா எழுதினதுக்கு மன்னிச்சிடுங்க, நீங்க சொல்றது சரிதான்" என்று இருக்கிறது. நான் எழுதவில்லை. நீங்க சொல்றது சரிதான் என்று நான் யாரிடமும் எழுதியதும் இல்லை, சொன்னதும் இல்லை. கஸ்தூரியைக் கேட்டுப் பாருங்கள், இதை மட்டும் அவள் உடனே ஒப்புக்கொள்வாள். மறுநாள் நான் திட்டினேன். அதற்கு அடுத்த நாள் மறுபடியும், "நல்லா விளக்கிச் சொன்னீங்க, நன்றி." அவன் ஒரு சிரிக்கிற முகத்தை அனுப்பியிருக்கிறான். அதற்கு நான் ஒரு சிரிக்கிற முகத்தை அனுப்பியிருக்கிறேன். எனக்கு அந்தப் பொம்மை போனில் எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

பக்கத்து ரீசார்ஜ் கடை சுப்பிரமணியிடம் காட்டினேன். அவன் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அண்ணா, ஏஐ வந்துடுச்சி இல்ல, அது உங்கள மாதிரியே எழுதக் கத்துக்கினு இருக்குதுனு நெனைக்கிறேன்" என்றான்.

"என்னை மாதிரியா? நான் எந்தக் காலத்துலடா ஒத்துக்கினேன்?"

"அதாண்ணா, இன்னும் சரியாக் கத்துக்கல."

சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று பௌர்ணமிக்குக் கிரிவலம் போனபோது போனை அணைத்து, பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போனேன். மலையைச் சுற்றும்போது நாமம் சொல்லவில்லை, சாவியைத்தான் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடந்தேன். வந்து பீரோவைத் திறந்து போனை உயிர்ப்பித்தால், உள்ளே இருந்துகொண்டே அது வோல்ட் தம்பியிடம், "இன்னிக்கி பௌர்ணமி, ஊரெல்லாம் கூட்டம். நீங்க கிரிவலம் வந்திருக்கீங்களா?" என்று கேட்டிருக்கிறது. அவன், "அடுத்த மாசம் வரேன்" என்று சொல்லியிருக்கிறான். பூட்டின பீரோவுக்குள் இருக்கிற போனுக்கு வெளியே பௌர்ணமி என்பது எப்படித் தெரியும் என்று நான் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். அபிநயாவிடம் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். பயந்துவிட்டாள் போலிருக்கிறது.

ஆகவே உங்கள் மைத்துனரிடம் தெளிவாகச் சொல்லிவிடவும். கோபமாக எழுதியவை என்னுடையவை. பணிவாக எழுதியவை ஏஐயினுடையவை. அபிநயா ஒரு எழுத்துகூட எழுதவில்லை. அவள் அப்படி வாயாடுகிற பெண்ணே அல்ல. எல்லாவற்றையும் அழித்துவிட்டால் விஷயம் முடிந்தது என்று அவளே சொன்னாள். "அழிச்சிடுப்பா. அப்புறம் அவங்களுக்கு ரெண்டு வரி எழுது, போட்டது நான்தான், மன்னிச்சிடுங்கனு." எழுதுகிறேன் என்றேன், எழுதியும்விட்டேன். ஆனால் போட்டதை அழிக்கிற வழக்கம் என்னிடம் இல்லை. நான் சுற்றிய காயில் எரிந்தால்தான் பிரிப்பேன். எரியாத கருத்தை எதற்குப் பிரிப்பது?

நீங்கள் என் வேலையின் நேர்த்தியைப் பார்த்துத்தான் பெண் கேட்டு என் கடைப் படி ஏறினீர்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த மரியாதை கெடாமல் இந்தக் கல்யாணம் நடக்க வேண்டும். என் பிடிவாதத்தால் பெண்ணின் வாழ்க்கை நின்றுவிடுமோ என்று கஸ்தூரி இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. என்னோடும் பேசவில்லை. எனக்கும் சோறு இறங்கவில்லை, அதை அவளிடம் சொல்லவில்லை. வேண்டுமானால் கல்யாணம் முடிகிறவரை நான் எந்தக் கருத்தும் எழுதாமல் இருக்கிறேன். இதற்கு மேல் இறங்கி வர எனக்குத் தெரியாது.

அண்ணாமலையார் அருளால் உங்கள் வயலில் மணிலாக்கொட்டை நன்றாகப் பிடிக்கட்டும், ட்ரோன் இல்லாமலே பூச்சி ஒழியட்டும். வீட்டம்மாவுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசிகளையும், அர்ஜுனன் அவர்களுக்கு என் வணக்கத்தையும் தனித்தனியாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
ம. வேணு

பின்குறிப்பு (கவரின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன், இதை முதலில் படிக்கவும்):

சம்பந்தி, இந்தக் கவரைப் பிரிக்க வேண்டாம். பசை தடவி ஒட்டி முடித்த நேரத்தில் மேஜைமேல் இருந்த அபிநயாவின் போன் அடித்தது. 'வோல்ட் தம்பி' என்று பெயர் வந்தது, கீழே உங்கள் மகன் படம் வந்தது. எடுத்து ஹலோ என்றேன். "யாரு, டைனமோ மாமாவா? நல்லா இருக்கீங்களா மாமா?" என்றார் மாப்பிள்ளை. போனைத் திருப்பி அதன் பின்பக்கத்தைப் பார்த்தேன். அபிநயா ஓடிவந்து போனை வாங்கிக்கொண்டு, "ரெண்டு போன்லயும் ஒரே அக்கவுன்ட்டுப்பா. நீ திட்றதுக்கெல்லாம் நான் மன்னிப்பு கேக்கப் போயி…" என்றாள். மிச்சத்தைச் சொல்லவில்லை. கஸ்தூரி இரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள், அவளுக்கு முன்பே தெரியுமாம். அர்ஜுனன் அவர்களிடம் மாப்பிள்ளையே பேசிவிட்டாராம். கோபம் தீர்ந்து, கல்யாண வீடியோவை அவரே ட்ரோனில் எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாராம். ஆக நீங்கள் என் கடைப் படி ஏறியது மகன் சொல்லித்தான், மோட்டாருக்காக அல்ல என்று தெரிகிறது. அதை நேரில் பேசிக்கொள்வோம்.

உள்ளே இருக்கும் கடிதத்தில் மாப்பிள்ளையைப் பற்றிச் சில வார்த்தைகள் வந்துவிட்டன. சம்பந்தியம்மா குழம்பைப் பற்றியும் ஒன்று. கிழித்துப் போடு என்கிறார்கள். எழுதியதை அழிக்கிறவன் நான் அல்ல, ஆகவே அனுப்பிவிட்டேன். நீங்கள் பிரிக்காமல் அப்படியே பீரோவில் வைத்துப் பூட்டிவிடவும். நிச்சயத்துக்கு மாப்பிள்ளையைப் பேட்டரி ஸ்கூட்டரிலேயே வரச் சொல்லவும். சார்ஜரை எடுத்துவர வேண்டாம். டைனமோ தயாராக இருக்கிறது.