வெர்னா நின்ற கடைசிக் காட்சி

"ஹாக்கி இருக்கு. செய்தி இருக்கு. படத்த மட்டும் காணோம்" என்று லோர்ன் ரிமோட்டிடம் முறையிட்டார்.

சமையலறையிலிருந்து மனைவி வெர்னாவின் குரல் வந்தது. "யார்கிட்ட பேசறே?"

"யார்கிட்டயும் இல்ல. ஆட்டம் எப்படிப் போச்சுன்னு பாக்கறேன்."

"நேத்தே பாத்தியே?"

"பாதியில தூங்கிட்டேன்."

தூங்கியதுதான் வினை. முந்தின நாள் மாலை தேவாலயப் பாட்டுப் பயிற்சிக்குக் கிளம்பும்போது, வெர்னா ஒரே ஒரு வேலைதான் கொடுத்தாள்: கிறிஸ்துமஸ் படத்தைப் பதிவு செய்து வைக்க வேண்டும். லோர்னும் செய்தார். அப்புறம் ஹாக்கி பார்த்தபடி சோபாவில் சாய்ந்தார். விழித்தபோது ரிமோட் அவர் விலாவுக்கு அடியில் கிடந்தது. எந்த எலும்பு எந்தப் பொத்தானை அமுக்கியதோ, படம் போயே போய்விட்டது.

வேறு படமானால் பரவாயில்லை. இதன் கடைசிக் காட்சியை ஜூலை மாதம் அவர்கள் ஊர்க் கடைத்தெருவில்தான் எடுத்தார்கள். கொளுத்துகிற வெயிலில் நுரையைப் பனியாகத் தெளித்து, நடுவில் ஒரு கிறிஸ்துமஸ் மரத்தை நட்டு, கதாநாயகியும் கதாநாயகனும் முத்தமிட, பின்னால் சிவப்புக் கம்பளிக் கோட்டும் காலிக் கோப்பையுமாக நின்றவள் வெர்னா. அன்றிலிருந்து மருந்துக் கடையில், முடி திருத்தும் இடத்தில், பல் மருத்துவரிடம் வாயைத் திறந்தபடியே கூடச் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை தோழிகள் எல்லாரும் படம் பார்க்க வருகிறார்கள்.

லோர்ன் பனி அள்ளும் சாக்கில் வேலிப் பக்கம் போனார். அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு மேக்சின் நின்றிருந்தாள்.

"மேக்சின், நேத்து அந்தப் படத்தப் பதிஞ்சியா?"

"பாத்தேன். பதியல. ஏன்?"

"சும்மாதான். வெர்னா எப்படி இருந்தா?"

மேக்சினுக்கு இருமல் வந்தது. "கடைசிக் காட்சி பிரமாதம். அழுதுட்டேன்" என்று உள்ளே போய்விட்டாள்.

லோர்ன் வீடு திரும்பி, அடுத்த பொய்யைச் சொன்னார். "டிவி ரிப்பேர். ஞாயித்துக்கிழமை எல்லாரையும் வர வேண்டாம்னு சொல்லிடு."

"அட, அதனால என்ன? தேவாலயக் கூடத்துல பெரிய திரை இருக்கே. போதகர்கிட்ட கேட்டுடறேன். ஊரே பாக்கட்டும்!"

லோர்ன் அவசரமாகக் குறுக்கிட்டார். "இல்ல இல்ல, நானே சரி பண்ணிடறேன்."

சரி செய்வதுபோல டிவிக்குப் பின்னால் குனிந்திருந்தபோதுதான் யோசனை பிறந்தது. இந்தப் படங்கள் எல்லாம் ஒன்றுதானே? நகரத்துப் பெண் ஊருக்கு வருவாள், மரப்பண்ணைக்காரனை முறைப்பாள், மரத்தடியில் முத்தமிடுவாள். இன்னொன்றைப் பதிந்து போட்டால் யாருக்குத் தெரியும்? கூட்டத்தில் ஏதாவது ஒரு சிவப்புக் கோட்டைக் காட்டி, 'அதோ நீ' என்றால் ஆயிற்று.

பொருத்தமானதைத் தேட வேண்டுமானால் பார்த்தாக வேண்டும். பார்த்தார். முதல் படத்தில் கேலி செய்தார். அடுத்ததில் கேலி செய்ய மறந்தார். அதற்கடுத்ததில் ரொட்டிக்கடை விற்பனைக்கு வந்தபோது எழுந்து நின்றுவிட்டார்.

என்ன உலகம் அது! வண்டி பனியில் சிக்கினால், தள்ளிவிட அழகான ஒருவன் வருகிறான். மனைவியை இழந்தவன் மறுபடி சிரிக்கிறான். பேசாத அப்பனும் மகளும் அடுப்பங்கரையில் மாவு பிசைந்தபடி பேசிவிடுகிறார்கள். முடிவு முன்பே தெரியும். வீட்டுக்கு வரும் வழி தெரிவது மாதிரி. வாழ்நாள் முழுக்கச் சாலைப் பனியை வாரும் வண்டி ஓட்டியவர், எல்லாரும் இருட்டுவதற்குள் வீடு வந்து சேர்வதைப் பார்த்துச் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார்.

"அழறியா?" வெர்னா வாசலில் நின்றாள்.

"ஜலதோஷம்."

"டிவி ரிப்பேர்னியே?"

"சரி பண்ணிட்டேன்."

அவள் வெண்ணெய் டார்ட் என்ற இனிப்புப் பண்டத் தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். "யாரு இவ?"

"வக்கீல். ரொட்டிக்கடைய விக்க வந்திருக்கா, கடைக்காரன்கிட்ட அத மறைக்கறா. பைத்தியக்காரி! முதல்லயே வாயத் தொறந்து உண்மையச் சொன்னா, அவன் மன்னிக்க மாட்டானா?"

"அப்படியா சொல்றே?"

"பின்னே?"

"நீயா இருந்தா சொல்லியிருப்பே?"

லோர்ன் டார்ட்டைப் பார்த்தார். திரையில் வக்கீல் பனியில் அழுதுகொண்டு நின்றாள். இதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை.

"வெர்னா, உன் படம் போச்சு. தூக்கத்துல நான்தான் அழிச்சேன். டிவி நல்லாத்தான் இருந்துச்சு. வேற படத்தப் போட்டு உன்ன ஏமாத்தப் பாத்தேன். ஆசையா இருந்தியே, வெயில்ல அந்தக் கோட்டப் போட்டுக்கிட்டு நின்னியே..."

வெர்னா தலையைக் குனிந்துகொண்டாள். தோள் லேசாகக் குலுங்கியது. பிறகு நிமிர்ந்து, அவர் கையைப் பிடித்தாள்.

"போகட்டும், மன்னிச்சுட்டேன். வர்றவங்ககிட்ட நானே சொல்லிக்கறேன். ஒண்ணே ஒண்ணு. கிறிஸ்துமஸ் வரைக்கும் தினமும் என்கூட ஒரு படம் பாக்கணும். முணுமுணுக்காம."

"ரெண்டு பாக்கறேன்" என்றார் லோர்ன்.

மறுநாள் காலை வேலியோரம் மேக்சினிடம் எல்லாவற்றையும் கொட்டினார். "எவ்வளவு பெரிய மனசு தெரியுமா! ஒரு வார்த்த திட்டல. இந்தக் காலத்துல யாரு இப்படி மன்னிப்பா?"

மேக்சின் பனிமண்வெட்டியை ஊன்றிக்கொண்டாள்.

"அட மக்கு, அவ பாட்டுப் பயிற்சிக்கே போகல, முன்னாடியே பாத்துடணும்னு எங்க வீட்டுலதான் உக்காந்து படம் பாத்தா, அவ நின்ன பகுதிய மொத்தமா வெட்டிட்டாங்கன்னு தெரிஞ்சதும் நேரா வீட்டுக்கு வந்து, நீ கொறட்ட விட்டுட்டிருக்கும்போதே படத்த அழிச்சு, ரிமோட்ட உன் விலாவுக்கு அடியில சொருகிட்டா!"