மருமகன் பாட்டில் வந்த முலாம்பழம்

சல்தில்லோ,
கிறிஸ்து சொரூபத் திருவிழா முடிந்த மறுநாள்.

என் மகள் அசுசேனாவை ஞானஸ்நானத்தன்று ஞானத்தந்தையாகக் கையில் ஏந்தி, அவள் தங்கள் புதுச் சட்டையை நனைத்தபோதும் கீழே போடாமல் பிடித்துக்கொண்ட மதிப்பிற்குரிய கொம்பாத்ரே சில்வேஸ்த்ரே அவர்களுக்கு, எலியோதோரோ பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். தொர்ரெயோனில் தாங்களும், தங்கள் துணைவி கொமாத்ரே ஃபிலோமேனா அவர்களும், அவர்களுடைய முழங்காலும் நலமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். தங்கள் தோட்டத்து முலாம்பழப் பெட்டி வந்து சேர்ந்தது. வழக்கம்போல அடியில் இருந்தவை நசுங்கியிருந்தன. வழக்கம்போல அவைதான் தேனாக இனித்தன.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பீர்கள். அசுசேனாவுக்கும் அந்தப் பாட்டுக்காரன் எஃப்ரைனுக்கும் கல்யாணம் உறுதியாகிவிட்டது. போன கடிதத்தில் அவனைப் பற்றி நான் எழுதிய எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். 'ஊர்சுற்றி', 'கித்தாரைக் கட்டிக்கொண்டவன்', 'என் மகளின் வயதைத் தின்கிறவன்' என்பதெல்லாம் ஒரு தகப்பன் வயிற்றெரிச்சலில் எழுதியது. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாறாங்கல் இறங்கிவிட்டது கொம்பாத்ரே. நேற்று ராத்திரி நான் குறட்டை விட்டதாக என் வீட்டுக்காரி எடெல்மீரா சொன்னாள். அவளுக்கே அது சந்தோஷமாக இருந்ததாம், அப்படியென்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் அந்த ஆல்பத்தால் வந்தது. எஃப்ரைன் நாலு நண்பர்களோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். திடீரென்று அவர்களை விட்டுவிட்டுத் தனியாக ஒரு ஆல்பம் போட்டான். அதற்கு வைத்த பெயர் 'தனியே'. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து கூட இருந்தவர்களை விட்டுவிட்டு வருகிறவன், நிச்சயதார்த்தப் பேச்சை எடுத்தாலே நாக்கு ஒட்டிக்கொள்கிறவன், 'தனியே' என்று பெரிய எழுத்தில் அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்தால் பெண்ணைப் பெற்றவன் என்ன நினைப்பான்? அசுசேனா மட்டும் அசையவில்லை. "அப்பா, தனியாப் பாடினா தனியேன்னுதான் போடுவாங்க. கூட்டமாவா போடுவாங்க?" என்று சொல்லிவிட்டு நகத்துக்குச் சாயம் பூசப் போய்விட்டாள்.

சரி என்று ஒரு மத்தியானம் கூடத்தில் உட்கார்ந்து போட்டுக் கேட்டேன். நான் ஆயுள் முழுக்க சல்தில்லோ–மொந்தெர்ரேய் பஸ் ஓட்டியவன். காதுக்குப் பக்கத்தில் ரேடியோ, முதுகுக்குப் பின்னால் பயணிகள். பாட்டைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். பொலேரோ என்பது உட்கார்ந்து அழுவதற்கு. ராஞ்சேரா, கையில் தம்ளரோடு எழுந்து நின்று, தெருவே கேட்க அழுவதற்கு. நம் வடக்கத்தி அக்கார்டியன், கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆடுவதற்கு. சினலோவாக்காரர்களின் பேண்டு, அந்தப் பெரிய ட்யூபாவும் மத்தளமுமாக, எதிரில் இருப்பவர் சொல்வது காதில் விழாமல் இருப்பதற்கு. வீட்டில் கணக்கு வழக்கு பேசும் நேரத்தில் அதைவிடப் பெரிய வரம் கிடையாது. இதுதான் ஒழுங்கு. இந்தப் பையன் என்ன செய்திருக்கிறான் தெரியுமா? ஒரே பாட்டில் நாலையும் போட்டிருக்கிறான். கித்தார் மெதுவாகத் தொடங்கியது, நானும் நாற்காலியில் வசதியாகச் சாய்ந்து அழத் தயாரானேன், கண்ணீர் இமை வரைக்கும் வந்துவிட்டது, அதற்குள் எக்காளம் ஊதி என்னை எழுப்பி நிறுத்தினார்கள், நின்றதும் அக்கார்டியன் வந்து இடுப்பைப் பிடித்து இழுத்தது, கால் தன்பாட்டுக்கு ஆடத் தொடங்கிய பிறகு ட்யூபா வந்து, நான் எதற்கு அழ ஆரம்பித்தேன் என்பதே மறந்துபோனது. எடெல்மீரா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அழறதா ஆடறதான்னு சீக்கிரம் முடிவு பண்ணுங்க. சூப்பு ஆறுது" என்றாள்.

இசை போகட்டும், வரிகள்தான் என் உயிரை எடுத்தன. அந்தப் பாட்டின் பெயர் 'பாரெதோன் ஸ்டேஷன்'. ஒருவன் பச்சைக் கண்ணழகி ஒருத்திக்காக ரயிலடியில் காத்திருக்கிறான். பூ வாங்கப் பணமில்லை, அதனால் கக்கத்துக்கு ஒன்றாக இரண்டு முலாம்பழம் வைத்துக்கொண்டு நிற்கிறான். ரயில் வருகிறது. அவள் ஒரு பல் டாக்டரின் கையைக் கோத்துக்கொண்டு இறங்குகிறாள். இவனைப் பார்த்து, புதிதாகக் கட்டிய பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள். 'கையசைக்கவும் முடியவில்லை, கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை' என்று பல்லவி. கடைசியில் அந்த மடையன், சும்மாவாவது திரும்பி வந்தானா என்றால் அதுவும் இல்லை, பழம் இரண்டையும் அந்த டாக்டரிடமே கொடுத்து, "வழியில சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வருகிறான். கொம்பாத்ரே, நான் சிரித்த சிரிப்பில் சூப்பு மூக்கில் ஏறிவிட்டது. உலகத்தில் இப்படி ஒரு அசடு இருக்குமா? பூ இல்லாவிட்டால் வெறுங்கையோடு போவான் புத்தியுள்ளவன். இவன் சந்தைக்குப் போகிறவனைப்போலப் போயிருக்கிறான். அவள் டாக்டரோடு போனதில் ஆச்சரியமே இல்லை.

சிரித்து முடித்த பிறகுதான் சுருக்கென்றது. பாட்டு 'நான்', 'நான்' என்று ஓடுகிறது. பாடுகிறவன் எஃப்ரைன். அசுசேனாவின் கண் காப்பிக் கொட்டை நிறம். அப்படியானால் இந்தப் பச்சைக் கண்ணுக்காரி யார்? இவன் இன்னும் எந்த ரயிலடியில் நின்றுகொண்டிருக்கிறான்? அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. பேட்டையில் பச்சைக் கண் யாருக்கெல்லாம் இருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினேன். மருந்துக்கடைப் பெண்ணின் கண்ணைக் கிட்டே போய்ப் பார்த்ததில் அவள் எனக்கு ரத்த அழுத்தம் பார்த்து அனுப்பினாள். கடைசியில் பச்சைக் கண் இருந்தது எதிர்வீட்டு ஒர்தென்சியா அம்மாளுக்கு மட்டும். அவருக்குக் கொள்ளுப்பேரன் பிறந்துவிட்டான்.

வேறு வழியில்லாமல் தொர்த்தியா ரொட்டிக் கடை வரிசையில் எஃப்ரைனையே பிடித்தேன்.

"தம்பி, அந்தப் பச்சைக் கண்ணு யாரு?"

அவன் ரொட்டி சுற்றக் கொண்டுவந்திருந்த துணியைக் கீழே போட்டுவிட்டான். "மாமா, அது என் கதையே இல்ல. எனக்கு ஒருத்தர் சொன்னது."

"யாரு அந்த முட்டாள்?"

"சொன்னவர் மறுநாளே சொன்னத மறந்துட்டாரு. நான் பேரச் சொன்னா நல்லா இருக்காது" என்றவன், என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். அப்புறம் அவனே, "சந்தோஷமா இருக்கறவன் பாட்டா கேக்கறான் மாமா? நேரா வீட்டுக்குப் போயிடறான். அழறவன்தான் நின்னு கேக்கறான். எனக்கோ அசுசேனாவத் தவிர ஒரு பொண்ணும் தெரியாது. அவ என்னை ஒரு நாளும் அழ வெச்சதில்ல. அதனால ஊர்ல இருக்கறவங்க துக்கத்தையெல்லாம் கடன் வாங்கித்தான் எழுதறேன்" என்றான்.

"அப்ப கட்டிக்கிறதுக்கு என்னடா தடை?"

"அவகிட்ட கேக்க வாய் வரல மாமா. பாட்டா இருந்தா வந்துடும்."

"அப்ப பாட்டாவே கேளுடா" என்றேன். பின்னால் நின்றிருந்த மாவுக்கடைக்காரி, "கேளுப்பா, வரிசை நகரட்டும்" என்றாள்.

அப்படித்தான் வெள்ளிக்கிழமை சாயங்காலம், விளக்கு வைக்கும் நேரத்தில், எங்கள் ஜன்னலுக்குக் கீழே நின்று பெண்ணைப் பாடிக் கேட்கும் செரநாத்தா ஏற்பாடாயிற்று. பெண்ணுக்குச் சம்மதம் என்றால் அவள் தன் அறை விளக்கைப் போட வேண்டும், இல்லாவிட்டால் இருட்டிலேயே இருக்க வேண்டும். உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, நானே எடெல்மீராவின் விளக்குக்காக எத்தனை பாட்டு நின்றேன் என்று. ஆனால் இவன் ஆல்பத்தில் போட்ட எல்லாவற்றையும் கொண்டுவந்துவிட்டான். முதலில் எக்காளக்காரர்கள் வெள்ளிப் பித்தானோடு இறங்கினார்கள். பின்னால் ஒரு லாரியில் ட்யூபா வந்தது. அப்புறம் அக்கார்டியன், அதை மாட்டிக்கொண்டு இறங்கியவன் அவன் விட்டுவிட்டு வந்த பழைய நண்பன், கூடவே மற்ற மூன்று பேரும். "நாங்க கோவிச்சுக்கிட்டோம்னு யாரு சொன்னா? இவன் தனியாப் போனதே நாங்க தள்ளிவிட்டுத்தான். இவன் பாட்டுல எல்லாரும் அழுதுடறாங்க, கல்யாண வீட்டுக்காரங்க எங்களக் கூப்பிடறதே இல்ல" என்றார்கள். அந்த இடத்திலேயே என் பாறாங்கல்லில் பாதி கரைந்தது. தெரு நிறையக் கூட்டம். மூன்று கோஷ்டி வந்ததைப் பார்த்து, அசுசேனாவுக்கு மூன்று மாப்பிள்ளைகள் போட்டி போடுகிறார்கள் என்று தெருமுனையில் பந்தயம்கூட நடந்ததாம்.

எஃப்ரைன் தொண்டையைச் செருமி முதல் வரியை எடுத்தான். கரண்ட் போய்விட்டது.

தெரு முழுக்க இருட்டு. அவனுக்கோ நிறுத்தத் தெரியவில்லை, பாடிக்கொண்டே போகிறான், மேலே ஜன்னலும் இருட்டாகவே இருக்கிறது, இருக்காமல் எப்படி இருக்கும், ஆனால் காதலிக்கிறவனுக்கு மின்சார வாரியம் எல்லாம் ஞாபகம் வருமா, அவள் மாட்டேன் என்கிறாள் என்றே நினைத்துக் குரல் கம்மிக்கொண்டே போகிறது. நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினேன். எடெல்மீரா என் பெல்ட்டைப் பிடித்து இழுத்தாள். "வெளக்கு அவ ஏத்தணும். நீங்க ஏத்தினா நீங்கதான் அவனக் கட்டிக்கணும்." சொல்லிவிட்டு அவள் தீப்பெட்டி தேடப் போனாள். பாட்டு மூன்றாவது சரணத்துக்கு வந்துவிட்டது. அவன் கித்தாரைத் தோளிலிருந்து கழற்றப் போவது நிழலாகத் தெரிந்தது. இவன் இப்போது போனால் இந்த ஜென்மத்தில் திரும்பக் கேட்க மாட்டான், என் பெண் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டே காலத்தைத் தள்ளிவிடுவாள் என்று தோன்றியது. ஓட்டுநர் புத்தி வேலை செய்தது. எதிர்ச்சரிவில் நிறுத்தியிருந்த என் பழைய காரில் தாவி ஏறி, முகப்பு விளக்கைப் பெரிதாகப் போட்டேன். வெளிச்சம் நேராக அசுசேனாவின் ஜன்னலில் அடித்தது. கூட்டம் ஆரவாரம் செய்தது. எஃப்ரைன் முழங்காலில் விழுந்தான். எடெல்மீரா வாசலிலிருந்து, "அது அவங்க அப்பன் வெளக்கு, செல்லாது, எந்திரி" என்று கத்தினாள். ட்யூபாக்காரன் ஊதியதில் அது யாருக்கும் கேட்கவில்லை.

அதற்குள் கரண்ட் வந்துவிட்டது. தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் எல்லா ஜன்னலிலும் விளக்கு எரிந்தது. எல்லாரும் சம்மதித்தாற்போல ஆயிற்று. ஒர்தென்சியா அம்மாள் எதிர் ஜன்னலில் வந்து நின்று, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, "நல்ல பையன்தான். ஆனா நான் கொஞ்சம் யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

அசுசேனாவின் அறைக்குள் மட்டும் விளக்கு எரியவில்லை. நான் காரின் விளக்கை அணைத்துவிட்டேன். அப்போது வீட்டுக் கதவு திறந்தது. அவள் கையில் மெழுகுவர்த்தியோடு வாசலில் நின்றாள், கரண்ட் வந்தது தெரியாதவளைப்போலச் சுடரைக் கையால் மறைத்துக்கொண்டு. "ரூம்ல பல்பு போயி ஒரு மாசமாச்சு. அப்பா மாத்தறேன் மாத்தறேன்னு சொல்லிட்டே இருந்தாரு. அதான் நானே எறங்கி வந்துட்டேன்" என்றாள்.

நாலு வாத்தியமும் ஒன்றாக எழுந்தன. நான் காரின் முன்பக்கத்தில் உட்கார்ந்தும் உட்காராமலும் சாய்ந்து நின்றேன். அழுகை வந்தது, கால் ஆடியது, பக்கத்தில் நின்று எடெல்மீரா என்னைத் திட்டுவது காதில் விழவில்லை. அப்போதுதான் கொம்பாத்ரே, அந்த ஆல்பம் எனக்குப் புரிந்தது. பையன் எதையும் கலக்கவில்லை. ஒரு தகப்பனுக்கு எல்லாம் ஒரே நேரத்தில்தான் வருகிறது.

ஆகவே, கல்யாணத்தில் மோதிரம் எடுத்துத் தரும் ஞானத்தந்தையாக நின்று நீங்களே நடத்திவைக்க வேண்டும். விருந்தில் 'பாரெதோன் ஸ்டேஷன்' பாட்டைப் பாடச் சொல்லி இப்போதே பேட்டை முழுக்கக் கேட்கிறது. நாம் இருவரும் முதல் மேசையில் உட்கார்ந்து அந்த முலாம்பழ மடையனை நினைத்து வயிறு வலிக்கச் சிரிக்கலாம். எல்லாம் வல்ல இறைவன் தங்கள் தோட்டத்தையும், கொமாத்ரேயின் முழங்காலையும், தங்கள் இல்லத்தின் அமைதியையும் காப்பாராக.

தங்கள் கையை அன்போடு பற்றும்,
எலியோதோரோ

பின்குறிப்பு: எடெல்மீரா எந்தக் கடிதத்தையும் படிக்காமல் ஒட்டவிட மாட்டாள். படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறாள். ஈஸ்டருக்கு மறு ஞாயிறு, எங்கள் வீட்டுத் தோட்டத்தில் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தபோது, பீர் கொஞ்சம் அதிகமானதில் எஃப்ரைனுக்கு இந்தக் கதையைச் சொன்னவன் நான்தானாம். எனக்குச் சொன்னவர் யார் என்பதும் இப்போது ஞாபகம் வந்துவிட்டது, கொம்பாத்ரே. மேலே 'மடையன்', 'அசடு', 'முட்டாள்' என்று வரும் இடங்களை எல்லாம் தயவுசெய்து படிக்காமல் தாண்டிவிடுங்கள். திரும்ப எழுதலாம் என்றால் அதற்கும் நேரமில்லை, ஏனென்றால் எடெல்மீரா அந்த ஆல்பத்தை, பூல்கே கள் ஊற்றிப் பிசைந்த ரொட்டியோடு சேர்த்து கொமாத்ரேக்குப் பரிசாக முந்தாநாள் பஸ்ஸிலேயே அனுப்பிவிட்டாள். கொமாத்ரே இப்போதுதான் தொலைபேசியில் பேசினார். ரொட்டி பிரமாதமாம். முழங்கால் எப்படி இருந்தாலும் கல்யாணத்துக்கு நிச்சயம் வருவாராம். வரும்போது கையில் இரண்டு முலாம்பழம் கொண்டுவருவதாகச் சொன்னார். சாப்பிடுவதற்கு என்று சொல்லவில்லை.