ஆதாரம் இல்லாமல் ஆள் நுழையக்கூடாது

"என் வீட்டுக்குள்ள போக நான் எதுக்குய்யா நிரூபிக்கணும்?" என்று பிளாட் கேட் முன்னால் பையைக் கீழே வைத்தார் வெங்கடேஸ்வரன். முப்பது வருடம் கல்லூரியில் தர்க்கம் நடத்தி ஓய்வு பெற்றவர். பையில் நேந்திரங்காய் கனத்தது.

பேச்சிமுத்துவுக்கு அன்றுதான் வாட்ச்மேன் வேலையில் முதல் நாள். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் வரை பஸ்ஸில் நின்றே வந்ததில் கால் கடுத்தது. ஆதாரம் இல்லாமல் ஒருத்தரை உள்ளே விட்டாலும் சாயங்காலமே ஊருக்குப் போய்விடலாம் என்று சூப்பர்வைசர் போனில் சொல்லியிருந்தார். ஏற்கெனவே மூன்று வேலை போயிருந்தது. இதுவும் போனால் வீட்டில் முகம் காட்ட முடியாது.

"ஆதார் கார்டு காட்டுங்க சார்."

"புதுசா ஆள் போட்டிருக்காளா? எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலையே." அசோசியேஷன்காரர்கள் என்றைக்கு எதைச் சொன்னார்கள் என்று நினைத்துக்கொண்டே கார்டை நீட்டினார்.

"இதுல வலியசாலைன்னுல்லா இருக்கு?"

"அது பழைய அட்ரஸ்."

"பழசுன்னு எதை வச்சு நம்ப?"

வெங்கடேஸ்வரன், வெளியே போயிருந்த மனைவிக்குப் போன் போட்டுக் கொடுத்தார்.

"அவர் எங்காத்துக்காரர்தான், விடுங்கோ" என்றது குரல்.

"நீங்க இங்கதான் இருக்கீகன்னு அவங்க சொல்லுதாங்க. அவங்க இங்க இருக்காங்கன்னு யாரு சொல்லுவா?"

கேள்வியில் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் பேராசிரியரை மிகவும் சோர்வடையச் செய்தது. "சாவி இருக்கு. கூட வாங்கோ. கதவு திறந்தா நம்புவேளா?"

கேட்டை அப்படியே விட்டுப் போகலாமா? அதில் தொங்கிய பூட்டை அழுத்திப் பூட்டிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடி ஏறினார் பேச்சிமுத்து. கதவு திறந்தது. சந்தேகம் தீர்ந்தது.

கீழே ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. வெளியே நாலு கார், ஒரு ஸ்கூல் வேன். பூட்டுக்குச் சாவி யாரிடம் என்று இறங்கி வரும்போதுதான் பேச்சிமுத்து யோசித்தார்.

"கேட் தொறக்கு சேட்டா" என்று சத்தம் போட்டுப் பார்த்தார்கள். பிறகு வேன் டிரைவர் ஸ்பானரால் பூட்டை உடைத்தார். ஆதாரம் எதுவும் காட்டாமல் பதினோரு பேர் உள்ளே போனார்கள்.

பேச்சிமுத்து கேட் பக்கத்து நாற்காலியில் சரிந்தார். "போச்சு சார். நாலாவது வேலையும் போச்சு."

பின்னாலேயே இறங்கி வந்த வெங்கடேஸ்வரனுக்கு மனசு கேட்கவில்லை. "கவலைப்படாதேங்கோ. உம்ம மேல தப்பில்லேன்னு சூப்பர்வைசர்கிட்ட நான் நிரூபிக்கறேன்."

பிளாட்டைப் பெருக்கத் துடைப்பத்தோடு வந்த வேலைக்காரி தாசம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வாட்ச்மேன் இன்னும் வரலன்னு எதிர்த்த பிளாட்டுல சூப்பர்வைசர் காலையில இருந்து குதிச்சிட்டு நிக்காரு. நம்ம பிளாட்டுக்குத்தான் வாட்ச்மேனே கிடையாதே, நீங்க யாரு அண்ணாச்சி?"