பத்து நாள் நிம்மதியைப் பறித்த அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை வணக்கத்துடன் எழுதுவது. நானும் இவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அண்ணிக்கு முழங்கால் வலி தேவலையா? உங்கள் ரத்தக் கொதிப்பு கட்டுக்குள் இருக்கிறதா? இல்லையென்றால் இந்தக் கடிதத்தை நாளைக்குப் படியுங்கள்.

வருஷா வருஷம் இவருடைய பெயின்ட் கம்பெனி, மேலாளர்களையெல்லாம் உங்கள் பயிற்சி நிலையத்துக்குப் பத்து நாள் அனுப்பும். அங்கேயே தங்கி, அங்கேயே சாப்பிட்டு, நிர்வாகம் செய்வது எப்படி என்று கற்றுக்கொண்டு வருவார்கள். இவர் ஒன்பது வருஷம் வந்தார். என்ன கற்றார் என்று நான் கேட்டதில்லை. எனக்கு அந்தப் பத்து நாள் போதும். பல் டாக்டர் என்னைச் செய்யச் சொல்லி அனுப்பும் பல் செட்டு வேலைகளைச் சேர்த்துவைத்து, வீடு காலியாக இருக்கும்போது நிம்மதியாக முடிப்பேன். இந்த வருஷம் பயிற்சியைப் புதுப்பிக்கிறேன் என்று எல்லாவற்றையும் ஆன்லைனுக்கு மாற்றினீர்கள். இனி யாரும் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டாம், பாடம் வீடு தேடி வரும் என்று போனில் பெருமையாகச் சொன்னீர்கள். வந்தது அண்ணா. வந்து என் வேலை அறையில் உட்கார்ந்துகொண்டது.

கதவைச் சாத்தினால் சத்தம் வராத அறை அது ஒன்றுதானாம். பல் தேய்க்கும் என் மோட்டார், மெழுகு, அச்சு மாவு கலக்கும் கிண்ணம் எல்லாம் அடுப்புக்குப் பக்கத்துக்குப் போயின. ஒரு வாரமாகச் சாப்பாட்டில் மெழுகு வாசனை. ஏழு நிமிஷ வீடியோவை நிமிஷத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, என்னைக் கூப்பிட்டு விளக்குகிறார். முடிந்ததும் பத்துக் கேள்வி, எட்டு சரியாக இருந்தால்தான் அடுத்த பாடம் திறக்குமாம். கீழே வேலை செய்பவர்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பது எப்படி என்ற பாடத்தில் மூன்று தடவை தோற்றார். மூன்று தடவையும் என்னிடம்தான் பதில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஒன்றை அமுக்கிவிட்டார்.

அப்புறம் அந்த நேரடி வகுப்பு. இவருக்குப் பின்னால் அலமாரியில் நாற்பது பல் அச்சு வரிசையாக இருக்கிறது. பாடம் நடத்தியவர், சார் பின்னாடி யார் அது இவ்வளவு பேர் சிரிக்கிறாங்கன்னு கேட்டிருக்கார். இவருக்கு மானம் போயிடுச்சு. படுக்கை விரிப்பை எடுத்து அலமாரி மேல போட்டு ஒரு இழுப்பு இழுத்தார், மேல் தட்டோட சரிஞ்சு ஆறு அச்சு தூள். அதில ஒண்ணு ஒரு பஸ் டிரைவரோடது, பாவம், இருபது நாளா கஞ்சி குடிச்சிட்டுக் காத்திருக்கார். டாக்டருக்கு நான்தான் போன் பண்ணிச் சொன்னேன். அவர் கோபப்படலை. பரவாயில்லம்மா, இந்த மாசம் வேற இடத்துல குடுத்துக்கறேன்னார். திட்டியிருந்தா தேவலை. பதினாறு வருஷத்துல நான் செஞ்ச ஒரு பல் சரியில்லைன்னு திரும்பி வந்ததில்லை அண்ணா. போனை வச்சிட்டு அந்தத் தூளைப் பெருக்கினேன். இவர் திரும்பிக்கூடப் பார்க்காம, கொஞ்சம் மெதுவா பெருக்கு, வகுப்பு நடக்குதுன்னார்.

இதோட விட்டாரா? கற்றதை உங்கள் குழுவில் செய்து பார்த்து எழுதுங்கள் என்று ஒரு வேலை கொடுத்தீர்களாமே. ஆபீஸில் செய்தால் ஆட்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று என்மேல் செய்தார். சாப்பாட்டு மேஜைக்கு எதிரே உட்காரவைத்து, நோட்டைத் திறந்து, என் வேலைக்கு ஐந்துக்கு மூன்று மார்க் போட்டார். மறுநாள் அவர் குளிக்கப் போனபோது கம்ப்யூட்டரில் பார்த்தேன். "இருபத்தாறு வருஷமாக என்னுடன் இருக்கும் மூத்த ஊழியர். திறமைசாலிதான், ஆனால் எந்த மாற்றத்துக்கும் முட்டுக்கட்டை. எப்படிக் கையாள்வது?" என்று எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதிவைத்திருக்கிறார். பதினெட்டு மேலாளர்கள் பதில் போட்டிருக்கிறார்கள். ஒருவர் வேறு கிளைக்கு மாற்றச் சொல்கிறார். ஒருவர் விருப்ப ஓய்வு கொடுக்கச் சொல்கிறார். இன்னொருவர், ஒரு இளையவரைப் பக்கத்தில் வைத்து வேலையைப் பழக்கிவிட்டு மூத்தவரை மெதுவாகக் கழற்றிவிடுங்கள் என்கிறார். அதற்குக் கீழே ஒரு கட்டைவிரல். யாருடையது என்று பார்த்தால், உங்களுடையது.

துண்டோடு வந்தவரைக் கேட்டேன். "உன் பேர் எங்கயாவது இருக்கா?" என்றார். இல்லைதான். அதனால் நானே சேர்த்தேன். அந்த மூத்த ஊழியர் இவர் மனைவி, உங்கள் இயக்குநரின் கூடப்பிறந்த தங்கை என்று அடியில் எழுதினேன்.

பழையபடி ஆட்களை வரவழைத்துத் தங்கவைத்துப் பாடம் நடத்துவதாக இருந்தால் சொல்லுங்கள். அதுவரை எனக்கு அண்ணன் கிடையாது. உங்கள் வாசலை மிதிக்க மாட்டேன். அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்கட்டும். உங்களுக்கும் வணக்கம், எழுதாமல் விட்டால் மரியாதை இல்லை என்பதால்.

இப்படிக்கு,
கோபத்துடன்,
தங்கை

பி.கு.: உறையை ஒட்டும்போது இவர் சந்தோஷமாக ஓடி வந்தார். வீட்டிலிருந்தே மேலாளர்கள் இவ்வளவு நன்றாகப் படிக்கிறார்களே, வேலையையும் வீட்டிலிருந்தே பார்க்கட்டும் என்று கம்பெனி ஆபீஸைக் காலி செய்கிறதாம். அடுத்த மாதத்திலிருந்து வருஷம் முழுக்க. ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள் அண்ணா. அங்கேயே தங்கிப் படிக்கிற வகுப்பு ஏதாவது மிச்சம் வைத்திருக்கிறீர்களா? அவருக்கு இல்லை, எனக்கு. என்ன பாடமானாலும் சரி.