தாத்தாவை ஹாலில் மாட்டிய விவகாரம்

காட்டூர்,
12-2-1962

ஸ்ரீரங்கம் ராசப்பன் தம்பி அவர்களுக்கு மயிலம்மாள் எழுதிக்கொண்டது. இங்கே எல்லாரும் சௌக்கியம். அங்கேயும் அப்படியே இருக்க ரங்கநாதரை வேண்டிக்கொண்டுதான் பேனாவைத் தொட்டேன், கோபம் அதற்கப்புறம். 'சம்பந்தி' என்று எழுத வந்த கையை உங்கள் கடிதம் பிடித்துவிட்டது.

என் மூத்த பேரன் முசிறி தாலுகா ஆபீசில் கிளார்க். அடுத்தவன் தொட்டியம் கண்காட்சியில் வாழைத்தாருக்கு முதல் பரிசு வாங்கியவன். நீங்கள் பெண் பார்த்துவிட்டுப் போன என் பேத்தி வள்ளிக்கண்ணு பி.யூ.சி. இங்கிலீஷில் காலேஜுக்கே முதல். இப்பேர்ப்பட்ட வீட்டைப் பார்த்து, "உங்க வீட்டுக்காரரை எந்த ஜெயில்ல தூக்குல போட்டாங்க, என்ன குத்தத்துக்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெண்ணின் இங்கிலீஷைப் பார்க்க ஒரு லெட்டர் எழுதச் சொன்னது நீங்கள்தானே. என் வீட்டுக்காரர் முப்பது வருஷம் வாத்தியாராக இருந்து, போன வருஷம் சர்க்கரை வியாதியில் சொந்தக் கட்டிலில் கண்ணை மூடிய மனுஷர். அவர் படத்தைப் பள்ளிக்கூட ஹாலில் மாட்டினதை, தாத்தாவை ஹாலில் மாட்டினார்கள், எல்லாரும் கை தட்டினார்கள், லட்டு கொடுத்தார்கள் என்று அவள் எழுதினாள். சாமியை மாட்டினோம், தாத்தாவை மாட்டினோம் என்றுதானே நம் வீடுகளில் பேச்சு, படம் என்று யார் சொல்கிறோம்? ஆனால் இங்கிலீஷில் மாட்டினால் 'ஹங்'காம், தூக்கில் போட்டால்தான் 'ஹேங்டா'ம், அவள் எழுதினதோ 'ஹேங்டு'. கோர்ட்டு குமாஸ்தாவாக இருந்த உங்கள் மைத்துனர் வெள்ளைச்சாமி கண்டுபிடித்தாராம். கோர்ட்டிலேயே கிடந்தவருக்கு வேறு எது கண்ணில் படும்? ஒருத்தரைத் தூக்கில் போட்டுவிட்டு ஊருக்கு லட்டும் கொடுப்பாங்களா என்று ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டாமா தம்பி?

இதற்காகச் சம்பந்தத்தை நிறுத்துவதென்றால் நிறுத்திக்கொள்ளுங்கள், எங்களுக்கு இடமா இல்லை? ஆனால் அந்தப் பெண் நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. உங்கள் பையனை அவளுக்குப் பிடித்துப்போச்சு, என்ன செய்ய.

வீட்டில் எல்லாருக்கும் என் முழு ஆசீர்வாதம். வெள்ளைச்சாமிக்கு மட்டும் பாதி.

இப்படிக்கு,
மயிலம்மாள்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் மனசு கேட்கவில்லை. அவள் முதலில் 'ஹங்' என்றுதான் எழுதினாள். "நடந்து முடிஞ்சதுன்னா கடைசியில ஈ, டி போடணும்டீ, அஞ்சாங் கிளாஸ்லயே எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்து அடித்து மாற்ற வைத்தவள் நான். அழுதாளே தவிர, என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. குற்றம் என்மேல்தான் தம்பி, அவளைத் தண்டிக்காதீங்க. சம்மதமென்றால் பதில்கூட எழுத வேண்டாம். மாப்பிள்ளையின் புதுப் போட்டோ ஒன்றைத் தபாலில் போடுங்கள், நாங்கள் புரிந்துகொள்கிறோம்.