துக்க வீட்டுக்கு மேல் ஒரு விமானம்

விமானம் வர இன்னும் இருபது நிமிடம்தான். அந்த நேரம் பார்த்தா பக்கத்துத் துக்க வீட்டில் மேளம் தொடங்க வேண்டும்?

திருவரங்குளத்துக்கு அப்பால் ஒரு முந்திரித் தோப்பில் மைக் வைத்துக் காவல் இருப்பது பொற்கொடியின் வேலை. வரப்போவது ஆராய்ச்சி விமானம். ஒலியைவிட வேகமாகப் பறக்கும், ஆனால் இடிபோல முழங்காது என்று நம்பிக்கை. தரையில் எவ்வளவு சத்தம் கேட்கிறதென்று மைக் பதிய வேண்டும்.

"மைக்க வேற இடத்துக்கு மாத்திக்கவா சார்?" என்று போனில் கேட்டாள்.

"ஓரடி நகத்தக் கூடாதும்மா," என்றார் குழுத் தலைவர் ரகுநாத். "விமானத்தோட மூக்கை நீளமா வரைஞ்சவங்க, எஞ்சினைத் தூக்கி முதுகுல வச்சவங்க, ஓட்டுறவரு, இருநூறு பேரோட ஆறு வருச உழைப்பு இப்ப ஒங்க கையில இருக்கு. எப்படியாச்சும் அமைதியாக்குங்க."

இழவு வீட்டில் போய் வாயை மூடச் சொல்வதா? வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிற வேலை. இருந்தும் போனாள். இறந்த வெள்ளைச்சாமியின் தம்பி அடைக்கலத்தைக் கையெடுத்துக் கும்பிட்டு மேளத்தை நிறுத்த வைத்தாள். மேளம் நின்றதும், அதுவரை அதில் அமுங்கிக் கிடந்த ஒப்பாரி ஊருக்கே கேட்டது. பெண்களிடம் கெஞ்சினாள். ஒப்பாரி நின்றது. உடனே பங்காளிகள் அடைக்கலத்திடம் சண்டைக்குக் கிளம்பினார்கள்.

"மேளத்த நிப்பாட்ட நீ யார்றா?"

"ஏரோப்ளேன் வருதுப்பா! ஆராச்சி!" என்றார் அடைக்கலம்.

சண்டை நின்றது. ஆனால் கூட்டம் மொத்தமும் வானத்தைப் பார்த்துக் கூச்சல் போட்டது. "இங்கிட்டா?" "அங்கிட்டுப் பாரு!" பொறுக்காத அடைக்கலம் துக்க வீட்டு மைக்செட்டின் மைக்கைப் பிடுங்கி, "எவனும் மூச்சு விடக்கூடாது!" என்று முழங்கினார். ஆலங்குடிக்கே கேட்டிருக்கும்.

அதன்பின் ஊரே அடங்கியது. பிணத்தருகே வெள்ளைச்சாமியின் மனைவி மருதாயி மட்டும் உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கம் திரும்பப் பொற்கொடிக்குத் துணிவில்லை.

மணி பதினொன்று. எதுவும் வரவில்லை, எதுவும் கேட்கவில்லை. பதினொன்றே காலுக்குப் போன் அதிர்ந்தது.

"எப்பவோ போயிருச்சும்மா! பதிவு பிரமாதம். மூட்டைய இறக்கி வச்ச மாதிரி ஒரு சின்னச் சத்தம், அம்புட்டுத்தான். ஜெயிச்சிட்டோம்!"

அந்தப் பக்கம் எல்லாரும் கைதட்டுவது கேட்டது. பொற்கொடிக்கு அழுகைதான் வந்தது. யாரோ ஜெயிக்க, ஒருத்தியின் துக்கத்தை அல்லவா நிறுத்தி வைத்தாள்! மருதாயி அருகில் போய் மண்டியிட்டாள்.

"மன்னிச்சிருங்கம்மா. கடைசி நாள்ல அழக்கூட விடாமப் பண்ணிட்டேன்."

மருதாயி கணவன் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"விடிஞ்சதுலேருந்து ஆளு மாத்தி ஆளு என்னையக் கட்டிப்பிடிச்சு அழுதாக. இவுக மொகத்த இப்பத்தான் ஆத்தா நான் பாத்தேன். அந்த ஏரோப்ளேன இன்னொரு தடவ விடச் சொல்லேன்."